வீட்டு நாட்டு நாயையே உதவி நாயாகப் பழக்க முடியுமா?

கேள்வி: வலங்கைமான் தையல்

எல்லோருக்கும் வணக்கம். சின்ன வயதில் போலியோ வந்ததில் எனக்கு இரண்டு காலும் செயல்படாது. சக்கர நாற்காலியில் இருந்தபடி வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். கைமெஷின்தான். வேலைக்கு நடுவே டேப், சாக்கட்டி, நூல்கண்டு என்று ஏதாவது கீழே விழும். அம்மா களையெடுக்கப் போய்விட்டால் விழுந்தது விழுந்த இடத்திலேயே கிடக்கும். போன் விழுந்தால்தான் பயம், யாரையும் கூப்பிட முடியாது.

எங்கள் வீட்டில் செவலை என்று ஒரு பெட்டை நாய் இருக்கிறது. நாட்டு நாய், இரண்டு வயது. என் நாற்காலியை விட்டு நகராது. வெளிநாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு நாய் பொருள் எடுத்துக் கொடுப்பதை வீடியோவில் பார்த்தேன். எல்லாமே லாப்ரடார். நாட்டு நாய்க்கு இதெல்லாம் வருமா? பயிற்சியாளர் வைக்க வசதி இல்லை. தம்பி சாயங்காலத்தில் பழக்கித் தருகிறேன் என்கிறான்.

பதில்: குடமுருட்டிக் கரை

கண்டிப்பாக வரும் தங்கச்சி. தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்ட பிறகு நானும் நாற்காலியில்தான் இருக்கிறேன். என் கருப்பனும் நாட்டு நாய்தான். போன், துண்டு, செருப்பு எல்லாம் கொண்டுவந்து தருவான். கதவுக் கைப்பிடியில் கட்டிய கயிற்றை இழுத்துத் திறப்பான். ஆள்மேல் ஒட்டுதல் உள்ள, தீனிக்கு ஆசைப்படுகிற நாயாக இருந்தால் போதும், சாதியைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஆனால் ஒன்று, தம்பி பழக்க வேண்டாம். நீங்கள்தான் பழக்க வேண்டும். தம்பி நின்றுகொண்டு, குனிந்து, கையைக் காட்டிச் சொல்லிக்கொடுப்பார். நாய் அந்த உயரத்தையும் அந்தக் கையையும் அந்தக் குரலையும் சேர்த்துத்தான் கற்றுக்கொள்ளும். நாளைக்கு நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து அதையே சொன்னால் முழிக்கும். தம்பி ஈரலை நறுக்கித் தரட்டும், ஆரம்பத்தில் கயிற்றைப் பிடித்துக்கொள்ளட்டும். தீனி மட்டும் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும். பிரிட்டனில் டாக் எய்ட் என்ற அமைப்பு இதே முறையில்தான் நடக்கிறது. உடல் ஊனம் உள்ளவர் தன் வளர்ப்பு நாயைத் தானே பழக்குவார், பயிற்சியாளர் வழிகாட்டுவார். அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி சொந்தமாகப் பழக்கிய நாயும் உதவி நாய்தான், சான்றிதழ் கேட்க முடியாது. வீட்டுக்குள் செய்கிற வேலைக்கு நமக்கும் யாருடைய அனுமதியும் தேவையில்லை.

முறை இதுதான். கோழி ஈரலை உப்புப் போடாமல் வேகவைத்து, நகம் அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு பழைய துணியை முடிச்சுப் போட்டுக் கையில் நீட்டுங்கள், தூக்கி எறியாதீர்கள். செவலை மூக்கால் தொட்டதும் "சபாஷ்", உடனே தீனி. தாமதித்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. அடுத்து வாயில் கவ்வினால்தான் தீனி, அப்புறம் கொஞ்ச நேரம் கவ்விப் பிடித்திருந்தால்தான். இது உறுதியானதும் துணியை மடியில் வையுங்கள், பிறகு நாற்காலியின் கால்மிதியில், கடைசியில் தரையில். சாப்பாட்டுக்கு முன்னால் ஐந்து நிமிடம் போதும், அது சலிப்பதற்குள் நிறுத்திவிடுங்கள். எடு, கொடு, விடு மூன்றும் நாய்க்கு ஒரே மாதிரி கேட்கும். நான் "எடு", "கையில" என்று இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டேன்.

டேப், நூல்கண்டு, துணி உறை போட்ட போன் இவை போதும். கத்தரிக்கோல் வேண்டவே வேண்டாம். குண்டூசிக்கு ஒரு குச்சி நுனியில் காந்தம் கட்டித் தரையைத் தடவி எடுத்துவிட்டு, அப்புறம்தான் நாயைக் கூப்பிட வேண்டும்.

பதில்: கால்நடை உதவியாளர், ஒரத்தநாடு வட்டம்

அண்ணன் சொன்னது சரி. கூடவே ஒன்று. பொறுக்கப் பழகிய நாய் வெளியிலும் பொறுக்கும். நம் பக்கம் வயலில் பொரியிலும் கருவாட்டிலும் எலி மருந்து கலந்து வைப்பார்கள். அதனால் சொன்னால் மட்டும் எடுக்க வேண்டும், "வேண்டாம்" என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தே பழக்குங்கள். வரப்புப் பக்கம் கயிறு இல்லாமல் விடாதீர்கள்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி வருடா வருடம் போட வேண்டும். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும், அதற்கும் தடுப்பூசி இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள். உண்ணி இருக்கிறதா என்று காது மடலைப் புரட்டிப் பாருங்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட் தீனியாகக் கொடுக்கக் கூடாது. நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறும்போது செவலைமேல் கையை ஊன்றாதீர்கள் அம்மா. அந்த உடம்பு உங்கள் எடையைத் தாங்காது, இடுப்பு மூட்டு கெட்டுப்போகும்.

வலங்கைமான் தையல்

ரொம்ப நன்றி அண்ணா, நன்றி சார். இன்னும் ஒரு சந்தேகம். அளவு கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் செவலையைக் கொஞ்சுவார்கள், பிஸ்கட் போடுவார்கள். இப்போது தீபாவளித் துணி வேறு குவிந்து கிடக்கிறது. இந்தக் கூட்டத்தில் கவனம் நிற்குமா?

குடமுருட்டிக் கரை

நிற்காது. கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பழக்கியது உறுதியான பிறகுதான் ஒரு ஆளை வைத்துப் பார்க்க வேண்டும். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு விரித்து, ஆள் வந்தால் அதில் படுக்கப் பழக்குங்கள். பிஸ்கட் போட வேண்டாம் என்று அட்டையில் எழுதி வாசலில் மாட்டுங்கள், நம் ஆட்கள் சொன்னால் கேட்பார்கள். துணி எடுக்கிற பாடத்தைத் தீபாவளி முடிந்து, வெடிச் சத்தமும் அடங்கிய பிறகு ஆரம்பியுங்கள். அதுவரை செவலைக்குச் சோறு மட்டும் தினமும் நீங்களே வையுங்கள்.