டர்போ காரை நிறுத்தியவுடன் அணைக்கலாமா? அந்த முப்பது விநாடி விவகாரம்

பிறைக்காரன்

நேற்று மாலை பினாங்கில் தண்ணீர்மலைக் கோயில் அடிவாரத்தில் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்த மறுகணமே, பக்கத்து வண்டியில் சாய்ந்து நின்றிருந்த பெரியவர் ஒருவர் என் கண்ணாடியைத் தட்டினார். "தம்பி, டர்போ வண்டியை இப்படிப் பட்டென்று அணைக்கலாமா? முப்பது விநாடி ஓடவிட்டு அணை, இல்லாவிட்டால் டர்போ செத்துவிடும்" என்று சொல்லிவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் அர்ச்சனைத் தட்டுடன் படியேறிப் போய்விட்டார். அவரிடம் சொல்லக் கிடைக்காததை இந்தக் கார்த் தளத்தில் சொல்கிறேன். நான் பிறையிலிருந்து பாலம் கடந்து, ஜெலுத்தோங்கிலிருந்து கோயில் வரை ஊர்ந்தே வந்தவன். என் டர்போவுக்கு அன்று மாலை வேலையே இருக்கவில்லை. வேலை செய்யாதவனுக்கு எதற்கு ஓய்வு?

என்னுடையது 998 சிசி, மூன்று சிலிண்டர். மூன்றாண்டுகளில் 61,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். குறையே இல்லாத வண்டி என்று சொல்லமாட்டேன். சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் மெல்லிய நடுக்கம் தெரியும். நின்ற இடத்திலிருந்து மிதித்தால் சற்று யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். ஆனால் ஜூரு அருகே கொள்கலன் லாரியைத் தாண்டும்போது, எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் இரண்டாயிரத்தைக் கடந்ததும் முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளுவதைப் போல வரும் அந்த இழுப்பை, நான் முன்பு வைத்திருந்த 1.5 லிட்டர் வண்டி ஒருநாளும் தந்ததில்லை. சாலை வரியோ ஆண்டுக்கு 20 வெள்ளி (ரிங்கிட்). இதுவரை முப்பது விநாடி காத்திருந்ததும் இல்லை, டர்போ சாகவும் இல்லை. இந்த மூடநம்பிக்கையை யார் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள்?

ஹாஃப்கட் அண்ணன்

அந்தப் பெரியவர் நான் இல்லை. நானாக இருந்திருந்தால் படியேறிப் போயிருக்கமாட்டேன், தம்பியை அங்கேயே உட்காரவைத்து விளக்கியிருப்பேன்.

டர்போ என்பது வெளியேறும் புகையின் விசையில் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் ஒரு சக்கரம். சிறிய கார்களில் அது நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை போகும். அந்தச் சக்கரத்தின் தண்டைத் தாங்குவது ஒரு மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. நீங்கள் எஞ்சினை அணைத்ததும் ஆயில் பம்பு நின்றுவிடுகிறது, ஆனால் கொதித்துக் கிடக்கும் டர்பைன் கூட்டின் சூடு எங்கும் போய்விடுவதில்லை. தேங்கி நிற்கும் ஆயில் அந்தச் சூட்டில் வெந்து, கரியாகித் தண்டிலேயே ஒட்டிக்கொள்கிறது.

இதை நான் எங்கோ படித்துவிட்டுச் சொல்லவில்லை. 1994இல் பெரோடுவாவின் கஞ்சில் என்ற சின்னக் கார் வந்த பிறகு, ஜப்பானிலிருந்து இறக்கிய ஹாஃப்கட்டில், அதாவது பாதியாக வெட்டிய பழைய காரில், இருந்த 660 சிசி டர்போ எஞ்சினை அதற்குள் பொருத்தி ஓட்டிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். நண்பர் ஒருவரின் டர்போவைப் பட்டறை மேசையில் நானே பிரித்திருக்கிறேன். தண்டின் மேல் இருந்தது ஆயில் அல்ல, அடிப்பிடித்த பால் சட்டியின் கருகல். நகத்தால் சுரண்டினேன், நகந்தான் உடைந்தது. அவரும் "முப்பது விநாடி எதற்கு?" என்று கேட்டுச் சிரித்தவர்தான்.

செந்தூல் பொறியாளன்

அண்ணனின் கஞ்சில் புராணம் இந்தத் தளத்தில் ஆண்டுக்கு நான்கு முறை அரங்கேறுவதால் அதற்குள் நான் போகவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். இன்றைய சிறிய டர்போ கார்கள் பலவற்றில், சிவப்பு விளக்கில் நின்றால் வண்டி தானாகவே எஞ்சினை அணைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. முப்பது விநாடி காத்திருக்காமல் அணைத்தால் டர்போ செத்துவிடும் என்றால், தயாரித்தவர்களே ஒரு நாளைக்கு இருபது முறை அதைக் கொல்லும்படி வண்டியை வடிவமைத்திருக்கிறார்கள் என்றா பொருள்?

இன்றைய டர்போவின் நடுப்பகுதியைச் சுற்றிக் குளிர்நீர் ஓடுகிறது. எஞ்சின் நின்ற பிறகும், சூடான நீர் மேலேறக் குளிர்ந்த நீர் கீழிறங்குவதால், அந்த ஓட்டம் சிறிது நேரம் தானாகவே தொடரும். பால் சட்டி உவமை ஆயிலால் மட்டும் குளிர்ந்த பழைய டர்போவுக்குப் பொருந்தும். பிறைக்காரனுடைய காருக்குப் பொருந்தாது.

ஹாஃப்கட் அண்ணன்

தானாக அணையும் வசதி, நீர் மிகச் சூடாக இருந்தால் வேலை செய்யாது. எப்போது அணைக்கலாம் என்பது அந்தக் கணினிக்குத் தெரிகிறது, பொறியாளருக்குத் தெரியவில்லை. முப்பது விநாடி என்று நான் சொல்வது உங்கள் வண்டியின் கையேட்டிலும் இருக்கும். கையேடு பிளாஸ்டிக் உறையைவிட்டு வெளியே வந்திருந்தால் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

செந்தூல் பொறியாளன்

பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டிய பிறகும் மலையேறிய பிறகும் சற்று ஓடவிட்டு அணைக்கச் சொல்கிறது என் கையேடு. கோயிலுக்கு ஊர்ந்து வந்தவரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

ஹாஃப்கட் அண்ணன்

ஆக, ஓடவிட வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். நன்றி.

செந்தூல் பொறியாளன்

நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

முதல்கார்

அனைவருக்கும் வணக்கம். ஆயர் ஈத்தாமில் வசிக்கிறேன், பாயான் லெப்பாஸில் வேலை. முதன்முதலாகக் கார் வாங்கப் போகிறேன். பெரோடுவாவின் இரண்டு கார்களில், அட்டிவாவின் 1.0 டர்போ 98 குதிரைத்திறன், டர்போ இல்லாத மைவியின் 1.5 எஞ்சின் 102 என்கிறார்கள். குறைந்த எண்ணைக் கொண்ட வண்டி எப்படி அதிகமாக இழுக்கும் என்று யாராவது விளக்க முடியுமா?

கணக்கப்பிள்ளை

முப்பது விநாடியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளொன்றுக்கு நான்கு முறை நிறுத்தினால் இரண்டு நிமிடம், ஆண்டுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். நின்றபடி ஓடும் சிறிய எஞ்சின், குளிர்சாதனத்துடன், மணிக்கு 0.7 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால் எட்டரை லிட்டர் ஆகிறது. மானிய விலையான 1.99 வெள்ளிக்கு ரோன் 95 பெட்ரோல் போட்டால் ஏறக்குறைய 17 வெள்ளி. சாலை வரியில் மிச்சப்படுத்திய பெருமையை அண்ணன் நின்ற இடத்திலேயே எரித்துவிடுகிறார்.

ஹாஃப்கட் அண்ணன்

கணக்கப்பிள்ளை அவர்களே, ஒரு புதிய டர்போவின் விலையையும் பட்டறைக் கூலியையும் சேர்த்து அதே கணக்கைப் போடுங்கள், பிறகு பேசுவோம். சென்ற ஆண்டு தேய்ந்த டயரில் இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டலாம் என்று இங்கே கணக்குக் காட்டியவரும் நீங்கள்தான். அதற்குப் பிறகு மழையில் என்ன நடந்தது என்பதை நான் சொல்லமாட்டேன், எனக்குப் பண்பு உண்டு.

கணக்கப்பிள்ளை

அது டயரின் தவறல்ல. சாலையில் எண்ணெய் சிந்தியிருந்தது. இதை ஏற்கெனவே விளக்கியாகிவிட்டது.

ரெலாவ் டீச்சர்

நான் நாள்தோறும் ரெலாவிலிருந்து துன் சார்டோன் சாலை வழியாக மலையேறிப் பாலிக் புலாவ் பள்ளிக்குப் போகிறவள். இங்கே பேசுகிற ஆண்களில் எத்தனை பேர் அந்த வளைவுகளில் ஒரு டர்போ காரை வாரத்துக்கு ஐந்து நாள் ஏற்றுகிறீர்கள் என்று தெரியவில்லை. ஏறும்போது டர்போ முழு மூச்சாக உழைக்கிறது, உண்மை. முன்னே டுரியான் லாரி போனால், இரண்டு வளைவுகளுக்கு நடுவில் கிடைக்கிற சிறிய நேர்ச்சாலையில் அதைத் தாண்டிவிட முடிகிறது. பழைய காரில் அந்த லாரியின் பின்னாலேயே வாசனை பிடித்துக்கொண்டு பள்ளி வரை போயிருக்கிறேன். ஆனால் உச்சி தாண்டியதும் இறக்கம். அந்த இறக்கத்தில் நான் ஆக்ஸிலேட்டரைத் தொடுவதே அரிது. பள்ளி வாசலுக்கு வருவதற்குள் டர்போ ஆறிப்போயிருக்கும். அதற்கு மேல் முப்பது விநாடி உட்கார்ந்திருந்தால் சபைகூடலுக்குத் தாமதம் ஆகும், தலைமையாசிரியரிடம் டர்போ தண்டைப் பற்றி விளக்க என்னால் முடியாது.

இன்னொன்று. டர்போவுக்கு ரோன் 97தான் போட வேண்டும் என்று இதே தளத்தில் எனக்குச் சொன்னவர் ஹாஃப்கட் அண்ணன். ஆறு மாதம் போட்டேன். மலையிலும் வித்தியாசம் இல்லை, மைலேஜிலும் வித்தியாசம் இல்லை, பணப்பையில் மட்டும் இருந்தது. பெட்ரோல் தொட்டி மூடியைத் திறந்து பார்த்தால் 95 போதும் என்று உள்ளேயே ஒட்டியிருக்கிறது.

ஹாஃப்கட் அண்ணன்

டீச்சர் அவர்களே, 97 "போட வேண்டும்" என்று நான் சொல்லவில்லை, "போட்டால் நல்லது" என்றுதான் சொன்னேன். மொழி கற்பிக்கும் தாங்கள் இந்த வேறுபாட்டை அறிவீர்கள். அழுத்திச் செலுத்திய காற்று சிலிண்டருக்குள் சூடாகும்போது, பொறியிலிருந்து தீ பரவி வருவதற்கு முன்பே எரிபொருள் தானாக வெடிக்கப் பார்க்கும். தட்டும் ஓசையை உணர்ந்தால் கணினி பொறியைத் தாமதப்படுத்தி எஞ்சினைக் காக்கும், அதற்கு விலையாகச் சிறிது சக்தி குறையும். 97 போட்டால் அது குறையாது. துன் சார்டோனில் தங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றால் தாங்கள் போதுமான வேகத்தில் ஏறவில்லை.

இறக்கத்தில் ஆறிவிடும் என்பது சரிதான். ஆனால் இறக்கமே இல்லாமல் உச்சியிலேயே நிறுத்துகிறவர் என்ன செய்வார்? முப்பது விநாடி.

ரெலாவ் டீச்சர்

நான் கற்பிப்பது கணிதம்.

செந்தூல் பொறியாளன்

உச்சி என்றதும் நினைவுக்கு வருகிறது. போன மாதம் குடும்பத்துடன் கெந்திங் மலைக்குப் போனேன். ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு, ஆகவே டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய அந்த அளவுக்குச் சக்தியை இழந்துவிடும். ஐந்து பேரும் பெட்டிகளுமாக மூச்சுவாங்கி ஏறிக்கொண்டிருந்த பெரிய எஞ்சின் கார்களை என் ஒரு லிட்டர் வண்டி கடந்து சென்றது. மேலே போனதும் அடுக்குமாடி நிறுத்துமிடத்தில் காலியிடம் தேடி நான்கு தளம் சுற்றினேன், கால்மணி நேரம் ஆயிற்று. நிறுத்தியதும் அணைத்தேன். அண்ணனின் முப்பது விநாடியை நான் முப்பது மடங்காகச் செலுத்திவிட்டேன், சீட்டு வேண்டுமா?

ஹாஃப்கட் அண்ணன்

மெலிந்த காற்றில் அதே சக்தியைத் தருவதற்கு டர்போ என்ன செய்கிறது என்று பொறியாளர் சொல்லவில்லையே? இன்னும் வேகமாகச் சுழல்கிறது. இன்னும் சூடாகிறது. அதாவது என் வாதத்துக்கான சான்றை அவரே கெந்திங் வரை போய் எடுத்து வந்திருக்கிறார். ஆனால் நான்கு தளம் சுற்றியதைக் கணக்கில் சேர்க்க முடியாது. சரிவுப் பாதையில் தளம் ஏறுவதும் ஏற்றந்தான்.

பிறைக்காரன்

நான் கேட்டது தண்ணீர்மலைக் கார் நிறுத்துமிடத்தைப் பற்றி. இப்போது கெந்திங்கில் நிற்கிறோம்.

முதல்கார்

மன்னிக்கவும், என் கேள்வி மேலே இருக்கிறது.

கணக்கப்பிள்ளை

முதல்கார் தம்பி, குதிரைத்திறனைப் பார்க்காதீர்கள், சக்கரத்தைத் திருப்பும் முறுக்குவிசையைப் பாருங்கள். அந்த டர்போ எஞ்சினின் 140 நியூட்டன் மீட்டர் நிமிடத்துக்கு 2,400 சுற்றிலேயே முழுதாகக் கிடைத்து 4,000 வரை நீடிக்கும். மைவியின் 137 கிடைக்க 4,200 வரை மிதிக்க வேண்டும். பாயா தெருபோங் ஏற்றத்தில் டர்போவுக்குச் சத்தம் குறைவு. சாலை வரி டர்போவுக்கு 20, மைவிக்கு 90. ஆனால் ஆயிலில் கஞ்சத்தனம் காட்டக்கூடாது. நான் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுகிறேன்.

ஹாஃப்கட் அண்ணன்

பத்தாயிரமா! டர்போ வண்டிக்கு ஐயாயிரம். நம் ஊர் வெயிலும் நெரிசலும் சேர்ந்தால் அந்த மின்யாக் ஹித்தாம் (எஞ்சின் ஆயில்) பத்தாயிரத்தில் தாராகிவிடும். பத்தாயிரத்துக்கு மாற்றுகிறவர் முப்பது விநாடியைக் கேலி செய்வதில் வியப்பில்லை.

செந்தூல் பொறியாளன்

2020இல் வந்த ஏபிஐ எஸ்பி தர ஆயில், சிறிய டர்போ எஞ்சின்களில் குறைந்த சுற்றில் நேரும் முன்னெரிப்பை, அதாவது பொறி எழுவதற்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொள்வதை, தடுப்பதையும் கருத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. அண்ணன் இன்னும் கஞ்சில் காலத்துக் கெட்டி ஆயிலான 20W-50 கனவில் இருக்கிறார்.

ஹாஃப்கட் அண்ணன்

நான் 20W-50 ஊற்றியதாக எங்கே சொன்னேன்? வரியைக் காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் திரும்பப் பெறுங்கள். டயருக்கு நைட்ரஜன் காற்று அடிக்கும் விவாதத்திலும் இப்படித்தான், நான் சொல்லாததை என் வாயில் திணித்துவிட்டு இரண்டு மாதம் காணாமல் போனீர்கள்.

செந்தூல் பொறியாளன்

இரண்டு மாதமும் என் மனைவிக்குப் பிரசவ காலம்.

ஹாஃப்கட் அண்ணன்

வாழ்த்துகள். வரியைக் காட்டுங்கள்.

ரெலாவ் டீச்சர்

இன்று மலையேறி இறங்கிப் பள்ளியில் அணைத்தேன். பானெட்டுக்குள் மின்விசிறி மட்டும் ஒரு நிமிடம் ஓடிவிட்டுத் தானாக நின்றது. வண்டி தன்னைத் தானே ஆற்றிக்கொள்கிறது, நான் ஏன் அதற்குத் துணைக்கு உட்கார வேண்டும்?

ஹாஃப்கட் அண்ணன்

மின்விசிறி ரேடியேட்டருக்குக் காற்று வீசுகிறது, தண்டுக்கு ஆயில் ஊட்டவில்லை. இதைத்தான் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதல்கார்

கணக்கப்பிள்ளை அவர்களுக்கு நன்றி. இந்த விவாதம் முழுவதையும் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். இன்று மைவிக்கு முன்பணம் கட்டிவிட்டோம். டர்போ இல்லாததால் எனக்கு இந்தக் கவலை இல்லை என்று நினைக்கிறேன்.

ஹாஃப்கட் அண்ணன்

வாழ்த்துகள் தம்பி. டர்போ இல்லாவிட்டாலும் வெயிலில் நெடுந்தூரம் ஓட்டிவிட்டு வந்தால் ஒரு முப்பது விநாடி ஓடவிட்டு அணைப்பது எஞ்சினுக்கு நல்லது.

பிறைக்காரன்

தெரியும். எனக்குத் தெரியும், இதைச் சொல்வார் என்று.

ஹாஃப்கட் அண்ணன்

பொறியாளரிடம் நான் கேட்ட வரி இன்னும் வரவில்லை.