ஸ்கவுட் ஹெலிகாப்டருக்குத் தமிழில் என்ன? புதனன்று அச்சு

காரைக்குடியிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். பாதுகாப்பியல் பாடக் குறிப்பு ஒன்று புதனன்று அச்சுக்குப் போகிறது. ட்ரோன் காலத்தில் ஸ்கவுட் ஹெலிகாப்டருக்கு என்ன வேலை என்பது பாடம். 'சாரணர்' என்று போட்டால் பிள்ளைகளுக்குக் கழுத்துத் துண்டுதான் நினைவுக்கு வரும். 'உளவு' என்றால் மாறுவேடம். படைக்கு முன்னே தாழப் பறந்து, எதிரி எங்கே என்று பார்த்துச் சொல்லி, வேண்டுமானால் லேசரால் இலக்கைச் சுட்டிக்காட்டுவது இதன் வேலை. அதோடு சேர்ந்து பறக்கும் ட்ரோனுக்கும் ஒரு பெயர் வேண்டும்.

தேவகோட்டையிலிருந்து:
தேடவே வேண்டாம், தம்பி. ஆநிரை கவர்தலைச் சொல்லும் வெட்சித் துறைகளில் தொல்காப்பியர் 'புடைகெட ஒற்றின் ஆகிய வேயே' என்கிறார். நிரை கவரப் போகும் படைக்கு முன்னால் போய்ப் பார்த்து வருவது வேய். ஹெலிகாப்டருக்கு உலங்கூர்தி; ஆகவே 'வேய் உலங்கூர்தி'. வள்ளுவர் வழி வேண்டுமானால் 'ஒற்றூர்தி'. 'ஹெ' என்ற எழுத்தோடு பாடம் தொடங்க வேண்டாம்.

கானாடுகாத்தானிலிருந்து:
ஐயா, 'ஒற்று' நம் பக்கம் எடுபடாது. ஒத்திக்கு விட்ட வீடு தெருவுக்கு ரெண்டு இருக்கிற ஊரில், ஹெலிகாப்டரையும் ஒத்தி வைத்துவிட்டார்கள் என்றுதான் படிப்பார்கள். 'வேய்' என்றால் மூங்கில், கூரை வேய்தல். உலங்கு என்றால் அகராதியில் கொசு. மூங்கில் கொசு ஊர்தியா? கொசு என்ற பெயர் ட்ரோனுக்கே பொருந்தும், இரைச்சலும் அதுதான்.

தேவகோட்டையிலிருந்து:
ஆச்சி, ஆங்கிலத்தில் ட்ரோன் என்பதே ஆண்தேனீ. அவர்கள் பூச்சிப் பெயர் வைத்தால் அறிவியல், நாம் வைத்தால் கேலியா? உலங்கு, உலவு, உலா எல்லாம் ஓரினம் என்று ஐயுறுகிறேன். விரிவாகத் தனி மடல் எழுதுகிறேன்.

கண்டனூரிலிருந்து:
தனி மடல் புதனுக்குப் பிறகு வரட்டும், ஐயா. பெயர் பொறிக்கா, வேலைக்கா என்று முதலில் முடிவுசெய்வோம். அமெரிக்கத் தரைப்படையின் ஸ்கவுட் ஹெலிகாப்டரான கயோவா வாரியரில், தலைக்கு மேல் சுற்றும் சுழலிக்கும் மேலே ஒரு பந்து இருக்கும். அதற்குள் டிவி கேமரா, வெப்பக் கேமரா, லேசர். உடம்பை மரத்துக்குப் பின்னால் மறைத்து, பந்தை மட்டும் நீட்டிப் பார்க்கும். லேசர் வழி ஏவுகணை என்றால் அது போய்ப் படும்வரை லேசர் இலக்கை விட்டு நகரக்கூடாது. அந்த நேரம் முழுக்க ஒரே இடத்தில் நிற்பதுதான் ஆபத்து. தோளிலிருந்து ஏவும் ஏவுகணைக்கு அதைவிட நல்ல இலக்கு கிடைக்காது.

2017இல் கயோவா ஓய்வு பெற்றது. அதற்கு மாற்றாக நினைத்த கமாஞ்சி 2004லேயே கைவிடப்பட்டிருந்தது. பின்னால் வந்த இன்னொரு முயற்சியையும் 2024 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். வேலை நிற்கவில்லை. அப்பாச்சி என்ற தாக்குதல் ஹெலிகாப்டரும் ஷேடோ ட்ரோனும் கூட்டாக அதைச் செய்தன. பொறி மாறிக்கொண்டே இருக்கிறது. அதனால் வேலைக்குத்தான் பெயர் வேண்டும். 'வேவு' போதும்: வேவு ஹெலிகாப்டர், வேவு ட்ரோன்.

இன்னொன்று, 'கண்காணிப்பு' என்று எழுதிவிடாதீர்கள். ஒரே இடத்துக்கு மேலே மணிக்கணக்காக நின்று பார்ப்பது கண்காணிப்பு; அதில் ட்ரோனை யாரும் மிஞ்ச முடியாது. தேடிப் போய், சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்ப்பது வேவு. ட்ரோன் கேமரா சாவித் துவாரம் வழியே பார்ப்பது போல. எதிரி ரேடியோ இணைப்பை மறித்து அலைத்தடை போட்டால் அந்தப் படமும் போய்விடலாம். ஹெலிகாப்டரில் இருப்பவர் கண்ணுக்கு இணைப்பு வேண்டாம், ஓரத்தில் எழும் புழுதியும் தெரியும். சியாச்சின் போன்ற உயரத்தில் காற்று மெலிவு, குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். அங்கே சிறு ட்ரோன் திணறும். நம் தரைப்படையின் சீட்டா ஹெலிகாப்டர் பறந்த இடம் அது. ஆனால் சீட்டாவும் அந்த உயரத்தில் சொற்பச் சுமைதான் தூக்கும். எதிரியின் ஏவுகணை எல்லைக்குள் ஆளை அனுப்புவதைவிட ட்ரோனை இழப்பது மேல் என்பதையும் பாடத்தில் சொல்ல வேண்டும்.

தேவகோட்டையிலிருந்து:
நீங்கள் சொல்வது குறளிலேயே இருக்கிறது: 'ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்'. ட்ரோன் சொன்னதை ஹெலிகாப்டர் சரிபார்க்கட்டும். இத்தனை 'ஒற்று' ஒரே குறளில் இருக்க, ஒத்திப் பத்திரத்துக்குப் பயந்து விட்டுவிடுவதா?

கானாடுகாத்தானிலிருந்து:
குறளைப் பாடத்தில் போடுங்கள், பெயரில் வேண்டாம். கூட்டாளி ட்ரோனுக்கு நம் கடைச்சொல்லே இருக்கிறதே. பர்மாக் கடையில் ஏஜெண்டுக்கு அடுத்து இருப்பவர் அடுத்தாள்; சொன்ன வேலையைச் செய்து கணக்கு ஒப்பிப்பவர். ஹெலிகாப்டர் ஏஜெண்டு, ட்ரோன் அடுத்தாள்.

கண்டனூரிலிருந்து:
ஆளில்லா விமானத்தை அடுத்தாள் என்பதா, ஆச்சி!

காரைக்குடியிலிருந்து:
மூன்று பேர் 'வேவு' பக்கம், ஐயா ஒருவர் எதிர்ப்பக்கம். 'வேவு ஹெலிகாப்டர்' என்றே போடுகிறேன். அடுத்தாள் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் திருச்சி மாணவருக்குப் புரியாது. 'துணை ட்ரோன்' என்று எழுதி வைக்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். வேவு என்பது வேய் பெற்ற பிள்ளை. தாயை அடிக்குறிப்பிலாவது வையுங்கள். உலங்கு மடல் வரும்.

கண்டனூரிலிருந்து:
அச்சுப்படி பார்த்தேன். 3ஆம் பக்கத்தில் இன்னும் 'உளவு' என்றே இருக்கிறது, படத்தின் கீழ் 'கண்காணிப்பு'. இரண்டையும் மாற்றுங்கள்.