கம்ப்யூட்டரில் டிவி பார்க்க நெல்லைப் பக்கம் எது சரிப்படும்?

பாளைக்காரர்:
பழைய டிவி டியூனர் கார்டு சல்லிசா கிடைக்குதேன்னு வாங்கிராதீய. அது அனலாக்ங்கிற பழைய முறை சிக்னலுக்குச் செஞ்சது. தூர்தர்ஷனோட அனலாக் ஒளிபரப்பு 2022-க்குள்ள ஏறக்குறைய எல்லா ஊர்லயும் நின்னாச்சு. கேபிளும் டிஜிட்டலாகி, பூட்டுப் போட்டுத்தான் வருது. கார்டு நல்லாத்தான் இருக்கும், அது பிடிக்கத்தான் ஒண்ணும் இருக்காது.

வீட்ல கேபிள் பெட்டி இருந்தா, அதோட படத்தைக் கம்ப்யூட்டருக்குள்ள கொண்டாருத யூஎஸ்பி கேப்சர் குச்சி போதும். எச்டிஎம்ஐ குச்சியில பெரும்பாலும் திரை கருப்பாவே நிக்கும். எச்டிசிபிங்கிற நகல் தடுப்புப் பூட்டு அப்படி. குச்சி பழுதுன்னு கடைக்காரர்ட்ட சண்டைக்குப் போகாதீய. மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் போடுத ஏவி குச்சில அந்தத் தொல்லை இல்ல. படம் 720க்கு 576தான், எச்டி வராது.

ஓபிஎஸ்ங்கிற இலவச வீடியோ மென்பொருள்ல 'வீடியோ கேப்சர் டிவைஸ்' சேர்த்து, வீடியோ ஸ்டாண்டர்டை நம்ம நாட்டு முறையான பால்-பி ஆக்கணும். அமெரிக்க முறையான என்டிஎஸ்சில கெடந்தா படம் கருப்பு வெள்ளையா வரும், இல்ல உருளும். ஆள் ஓடும்போது ஓரம் சீப்புப் பல்லு மாதிரி தெரிஞ்சா, அந்த சோர்ஸ் மேல வலது க்ளிக், டீஇன்டர்லேசிங், யாடிஃப். சத்தம் கேக்கலியா? அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸ்ல ஆடியோ மானிட்டரிங்கை 'மானிட்டர் ஒன்லி'ன்னு வைங்க. பாதிப் பேர் இங்கதான் முட்டி நிக்காங்க.

டவுன்வாசி:
அண்ணாச்சி, பதிவு பண்ண வேண்டாம், பார்த்தா மட்டும் போதும்னா குச்சியே எதுக்கு? பெட்டியோட எச்டிஎம்ஐயை நேரா மானிட்டர்ல சொருகி, இன்புட்டை மாத்துனா முடிஞ்சுது. மானிட்டர்ல ஸ்பீக்கர் இல்லன்னா அதோட ஹெட்போன் ஓட்டையில கம்ப்யூட்டர் ஸ்பீக்கரை மாட்டலாம்.

வள்ளியூர்க்காரர்:
மாசக் கட்டணமே வேண்டாம்னா டிடி ஃப்ரீ டிஷ், தூர்தர்ஷனோட இலவச டிஷ் சேவை. டிஷ் சிக்னலைப் பிடிக்குத டிவிபி-எஸ்2 வகை யூஎஸ்பி டியூனர் வேணும். யூஎஸ்பி 2.0 போர்ட் தாரது 5 வோல்ட், அரை ஆம்பியர். டிஷ் முன்னால நின்னு சிக்னலை வாங்குத எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் வேணும். அதனால தனி அடாப்டரோட வார டியூனரா பார்த்து எடுங்க. பூட்டுப் போட்ட சேனல் இதுல திறக்காது.

சாட்டிலைட் ஜிசாட்-15, 93.5 டிகிரி கிழக்கு. திருநெல்வேலியில இருந்து வடக்கைப் பூஜ்யமா வச்சா 118 டிகிரி, அதாவது தென்கிழக்குல கொஞ்சம் கிழக்கா ஒதுங்கி. உயரம் சுமார் 69 டிகிரி. ஆனா எல்என்பி நடுவுல இல்லாம கீழ ஒதுங்கி நிக்குத ஆஃப்செட் டிஷ்ஷோட முகம் 45 டிகிரி கிட்டத்தான் சாஞ்சிருக்கும். அந்த 69-ஐ நம்பி முகத்தை வானத்தைப் பார்க்க மல்லாத்தினா சிக்னல் வரவே வராது. டியூனர் செட்டிங்ல யூனிவர்சல் எல்என்பி, 9750/10600ன்னு வைங்க. சோதிக்க அலைவரிசை 11090 மெகாஹெர்ட்ஸ், வெர்ட்டிகல், சிம்பல் ரேட் 29500.

ஆடிக் காத்துல பணகுடி, வள்ளியூர் பக்கம் டிஷ் மெல்லத் திரும்பிரும். ஆணி அடிச்ச சுவரை நம்பாதீய. தளத்துல போல்ட் போட்டு, கம்பம் ஆடாம இருக்கான்னு கையால அசைச்சுப் பாருங்க. நட்டை முறுக்கினபிறகு சிக்னலை இன்னொரு தரம் பாக்கணும், முறுக்கும்போதே அரை டிகிரி நகரும்.

திருச்செந்தூர் பக்கத்தாள்:
கடற்கரைல காத்தைவிட உப்புதான் எதிரி. எல்என்பி முனைல ரப்பர் டேப்பை இழுத்துச் சுத்துங்க. வீட்டுக்குள்ள நுழையுத எடத்துல வயரைக் கீழ தொங்கலா ஒரு வளைவு விடுங்க, ஐப்பசி மழைத்தண்ணி அங்கயே சொட்டிரும். வளைவு இல்லன்னா தண்ணி வயர் வழியாவே உள்ள வந்து டியூனர் முனையைக் கறுக்க வச்சிரும்.