உப்புக் கரைஞ்சு போன பிறகு றோமர் கால உப்புக் களத்தை எப்படி அடையாளம் காணுறது?

வடலி: தொல்லியல் மாணவருக்கு யாழ்ப்பாணத்தில ஒரு செயல்விளக்கம் செய்யிறம். உதாரணம் இங்கிலாந்தின் எசெக்ஸ் கரையிலுள்ள 'சிவப்பு மேடுகள்', அதாவது உப்புக் காய்ச்சின இடங்களில சுட்ட மண் குவிஞ்சு வந்த மேடுகள். அகழ்வில எதைத் தேடவேணும்? ஆனையிறவு உப்பளம் மாதிரி வெயிலில காயவைக்கிற பாத்தி இருக்குமோ?

மண்ணடுக்கு: பாத்தியை நம்பி இறங்காதேங்கோ. கடல்நீரில உப்பு ஏறக்குறைய 3.5%, படிகமாக 26% வரை ஏறவேணும். அந்த நாட்டு வெயில் அதுக்குக் காணாது, அடுப்பில காய்ச்சினவை. ஆனபடியால் அடுப்பு, சாம்பல், களி பூசின தெளிவுத்தொட்டி (கடல்நீரின் சேறு அடியில படிய விடுறது), முக்கியமாகப் பிரிக்கெற்றாஜ் எண்ட சுட்ட களிமண் துண்டுகள், அதாவது உப்புக் காய்ச்சின பாத்திரங்களும் அதுகளைத் தாங்கின கால்களும் உடைஞ்ச துண்டுகள். இவற்றைத் தேடுங்கோ. உமி, வைக்கோல் கலந்த சொரசொரப்பான களி. உடைஞ்ச விளிம்பைப் பாருங்கோ: உள்ளே செங்கல் நிறம், மேல்தோல் வெள்ளை அல்லது வெளிறிய ஊதா. உவர்நீர் சூட்டில களியின் இரும்போட சேர்ந்ததால வந்த நிறம் அது.

கண்டல்: கழுவுறதிலதான் கனபேர் பிழைவிடுறவை. குறைஞ்ச சூட்டில வெந்த துண்டு, ஊறவிட்டால் சேறாகிடும். காயவிட்டு மென்தூரிகையால துடையுங்கோ. எண்ணிக்கை மட்டும் போதாது, பாத்திரம், தாங்குகால் எண்டு பிரிச்சு நிறுக்கவேணும். அடுப்புச் சாம்பலில 40 லீற்றர் எடுத்துத் தண்ணியில கலக்கி, மிதக்கிற கரித்துண்டுகளைப் பார்த்தால் விறகு எது எண்டு தெரியும். காந்தக் காலக்கணிப்புக்கு (கடைசியாச் சூடேறினபோது களியில பதிஞ்ச காந்தத்திசையை வைச்சுக் காலம் அறியிறது) வடதிசை குறிச்சு மாதிரி எடுத்த பிறகே அடுப்புத்தளத்தை அசைக்கலாம்.

உவர்மண்: கடற்கரையில்லாத இங்கிலாந்து ஊரான மிடில்விச்சில றோமர் காலத்தில உவர் ஊற்றுநீரை ஈயத் தாச்சியில காய்ச்சினவை. ஈயத்தை உருக்கித் திரும்பப் பாவிக்கலாம், அதனால தாச்சி அரிதாகத்தான் கிடைக்கும்.