சிலிக்கான் பேண்ட் கேப் 0.6 ஈவி-தான் வருது, இரும்பு கன்வெர்ஜ் ஆகவே மாட்டேங்குது

முதுகலை_இயற்பியல்:
எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர். கணினிவழிப் பொருளறிவியலில் பிஎச்டி சேரணும்னு குவாண்டம் எஸ்பிரெசோ (பொருள்களோட எலக்ட்ரான் அமைப்பைக் கணக்கிடுற மென்பொருள்) பழகிக்கிட்டிருக்கேன். 8 கோர் லேப்டாப், உபுண்டு. ரெண்டு இடத்துல நிக்குது.

ஒண்ணு, சிலிக்கான். மாதிரிக் கோப்புல இருந்த செல்டிஎம் (படிக அலகுக்கலத்தோட நீளம்) 10.26, பிபிஇ (எலக்ட்ரான்களுக்கு இடையிலான வினையைத் தோராயமா எடுத்துக்கிற சார்பு), அலைச்சார்பு கட்-ஆஃப் 30 ரிட்பெர்க், நகர்த்தாத 8×8×8 கே-பாயின்ட் வலை (எலக்ட்ரான் அலைகளைக் கணக்கிடுற புள்ளிகள்). பேண்ட் வரைபடத்துல கேப் (எலக்ட்ரான் இருக்க முடியாத ஆற்றல் இடைவெளி) 0.6 ஈவி. எஸ்சிஎஃப் (எலக்ட்ரான் அடர்த்தி நிலைப்படுற வரைக்கும் சுற்றுச் சுற்றா ஓடுற முதல் கணக்கு) வெளியீட்டுல அதைவிடக் கூடுதல். புத்தகத்துல 1.12. கட்-ஆஃபை 80 வரைக்கும் ஏத்திட்டேன், 0.6 அசையல.

ரெண்டு, அதே கோப்பை பிசிசி (கனசதுர மூலைகளிலும் மையத்திலும் அணு உள்ள அமைப்பு) இரும்புக்கு மாத்தி செல்டிஎம் 2.87 போட்டேன். காந்தத்துக்கு ஸ்பின், உலோகத்துக்கு ஸ்மியரிங் (எலக்ட்ரான் நிரப்பலைக் கொஞ்சம் மழுப்பி விடுறது) எல்லாம் குடுத்தாச்சு. 100 சுற்று ஓடி, கன்வெர்ஜ் ஆகாம (ஒரே விடையில நிலைக்காம) நின்னுடுது.

நேர்முகத்துல இதைக் கேட்டா எப்படி விளக்குறது?

அலைத்தொகுதி:
முதல்ல இரும்பு, அது சட்டுனு முடியும். செல்டிஎம்மை மென்பொருள் போர்ங்கிற நீள அலகுல (1 போர் = 0.529 ஆங்ஸ்ட்ராம்) எடுத்துக்கும். 2.87 என்பது ஆங்ஸ்ட்ராம். 0.529-ஆல் வகுத்து 5.42 போடுங்க. இப்போ இருக்கிற கோப்புல அணுக்கள் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி உட்கார்ந்திருக்கு, அதான் அடங்க மாட்டேங்குது. வெளியீட்டின் தொடக்கத்துல அலகுக்கலத்தின் கன அளவு அச்சாகும். இரும்புக்குக் கிட்டத்தட்ட 80 கன போர் இருக்கணும். உங்களுக்கு 12-ன்னு காட்டும். எந்தக் கணக்கா இருந்தாலும் முதல்ல அந்த வரியைப் பார்த்துட்டுத்தான் மத்தது.

திருத்தின பிறகும் முரண்டு பிடிச்சா, மிக்ஸிங் பீட்டாவை (ஒவ்வொரு சுற்றிலும் புது அடர்த்தியை எவ்வளவு கலக்கணும்ங்கிற எண்) 0.7-லிருந்து 0.3-க்கு இறக்குங்க. தொடக்கக் காந்தமாக்கல் சுழியம் இல்லாம இருக்கணும். கோல்டு ஸ்மியரிங் 0.02 ரிட்பெர்க், வலை குறைஞ்சது 12×12×12. முடிவுல அணுவுக்கு 2.2 போர் மேக்னெட்டான் பக்கம் வரணும். நீங்க எடுத்தது அல்ட்ராசாஃப்ட் சூடோபொடென்ஷியலா (உள் எலக்ட்ரான்களுக்குப் பதிலா வைக்கிற மென்மையான பொடென்ஷியல்)? அப்படின்னா அடர்த்திக்கான கட்-ஆஃபைத் தனியா, அலைச்சார்பு கட்-ஆஃபைப்போல் 8 முதல் 12 மடங்கு குடுக்கணும். கண்டுக்காம விட்டா மென்பொருள் 4 மடங்குதான் வைக்கும். ஆற்றல் வந்துடும், விசையும் அழுத்தமும் தப்பா வரும்.

பட்டைக்கோடு:
சிலிக்கானுக்கு வரேன். நீங்க பார்க்கிறது ரெண்டு வேறவேற சங்கதி.

எஸ்சிஎஃப் எண் கூடுதலா வரக் காரணம் வலை. சிலிக்கானோட கடத்துப்பட்டை அடிமட்டம் கே-வெளியில காமாங்கிற மையப் புள்ளியிலிருந்து எக்ஸ்ங்கிற ஓரப் புள்ளிக்குப் போற வழியில ஏறத்தாழ 0.85 பங்கு தூரத்துல இருக்கு. 8×8×8 வலையில அந்தக் கோட்டுல விழும் புள்ளிகள் 0.25, 0.5, 0.75, 1.0 மட்டும். 0.85-ஐ அது தொடவே இல்லை. பேண்ட் பாதை நெருக்கமான புள்ளிகளோட போறதால பள்ளத்தைப் பிடிச்சிடுது. அதனால கேப்பை எஸ்சிஎஃப் வெளியீட்டிலிருந்து எடுத்து எழுதாதீங்க.

0.6-க்கும் 1.12-க்கும் உள்ள இடைவெளி கட்-ஆஃப் ஏத்தினா மூடாது. 30-க்கும் 80-க்கும் எண் மாறலைன்னா கன்வெர்ஜ் ஆயிடுச்சுன்னு அர்த்தம். மீதி பிழை பிபிஇ-யோடது. ஜெர்மானியத்துக்கு இதே பிபிஇ கேப்பையே ஏறக்குறைய அழிச்சிடும். ஆழமா கேட்டாங்கன்னா: பரிமாற்ற-ஒட்டுறவுச் சார்பு துல்லியமாவே கிடைச்சாலும் கோன்-ஷாம் கேப் (இந்தக் கணக்குமுறையோட ஆற்றல் மட்டங்கள் தர்ற கேப்) உண்மையான கேப்புக்குச் சமமா இருக்கணும்னு இல்லை. எலக்ட்ரான் எண்ணிக்கை முழு எண்ணைத் தாண்டும்போது பொடென்ஷியல்ல வர்ற தாவல் அதுல சேராது, 1983-லயே காட்டிட்டாங்க. சரியான கேப் வேணும்னா எச்எஸ்இ இல்லேன்னா ஜிடபிள்யூங்கிற, பிபிஇ-யைவிட மேம்பட்ட முறைகளுக்குப் போகணும். எச்எஸ்இ சிலிக்கானுக்கு 1.15 கிட்ட வரும், ஆனா நேரம் பல மடங்கு இழுக்கும்.

நேர்முகத்துல எண்ணை ஒப்பிக்கிறவங்களைவிட, பிழை உள்ளீட்டுலயா, கன்வெர்ஜென்ஸ்லயா, சார்புலயான்னு பிரிச்சுச் சொல்றவங்களுக்குத்தான் மதிப்பு. உங்க கையில இப்போ மூணுக்கும் உதாரணம் இருக்கு, அப்படியே சொல்லுங்க.

முதுகலை_இயற்பியல்:
5.42 போட்டதும் இரும்பு ஓடிடுச்சு, 2.2 வந்துடுச்சு. ரொம்ப நன்றி. ஆனா 8 கோர் போட்டா 2 கோரைவிட மெதுவா ஓடுதே?

அலைத்தொகுதி:
ஓஎம்பி த்ரெட் (ஒரு ப்ராசஸ் தனக்குள்ள பிரிச்சுக்கிற இணை ஓட்டம்) எண்ணிக்கையை 1-ன்னு வைக்கலைன்னு நினைக்கிறேன். எம்பிஐ வழியா இணையா ஓடுற ஒவ்வொரு ப்ராசஸும் தனக்கு 8 த்ரெட் பிரிச்சா, 8 கோர்ல 64 த்ரெட் முட்டி மோதும். அதை 1 ஆக்கிட்டு, கே-பாயின்ட்களைப் பூல்களா (தனித்தனிக் குழுக்களா) பிரிங்க: 4 ப்ராசஸ், 4 பூல்னு ஆரம்பிச்சு நேரம் பாருங்க. ரெண்டு அணுவுள்ள கலத்துக்கு அதுக்கு மேல கோர் சேர்த்துப் பெரிசா லாபம் இல்லை.

அடுத்து ஸ்லாப் (மேற்பரப்புக்கான அணு அடுக்கு), சூப்பர்செல் (பல அலகுக்கலம் சேர்ந்த பெரிய கலம்)னு போவீங்க. அங்கே அணு எண்ணிக்கை ரெண்டு மடங்கானா நேரம் எட்டு மடங்கு வரைக்கும் ஏறும், லேப்டாப் தாங்காது. அந்த மாதிரி வேலைக்குத்தான் திருச்சி என்ஐடி-யில பரம் பொருள், பெங்களூரு ஐஐஎஸ்சி-யில பரம் பிரவேகான்னு சூப்பர் கம்ப்யூட்டர்கள் எல்லாம். அங்கே கணக்கை வரிசையில போட்டு ஓட வைக்கிற ஸ்லர்ம் ஸ்கிரிப்ட் எழுதவும் இப்பவே பழகுங்க. ஸ்லாப்ல வெற்றிடம் 15 ஆங்ஸ்ட்ராம், அந்தத் திசையில கே-பாயின்ட் ஒண்ணு போதும்.