புதுப்பிப்பு: கரப்பந்தாட்டத்துக்குக் கொப்பியில் கணக்கு

கிளிநொச்சிப் பக்கம் எங்கள் கரப்பந்தாட்டக் (வொலிபோல்) கழகத்தில் ஆளாளுக்குக் கணக்கு வைத்தால் ஆட்டம் திருந்துமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன், "முதலில் அடியை எழுது" என்றீர்கள். சரி, எழுதினோம்.

அடி என்றால் வலைக்கு மேலால் எதிர்ப்பக்கம் ஓங்கி அடிப்பது. அதில் புள்ளி வென்றதை மட்டும் எண்ணினால் நிறைய அடிப்பவன்தான் பெரிய ஆளாகத் தெரிவான். அதிலிருந்து தவறுகளைக் கழித்து மொத்த அடியால் பிரிக்க வேண்டும்: 20 அடியில் 9 புள்ளி, 5 தவறு என்றால் 0.20. இப்படிப் பார்த்ததும் எங்கள் முதல் அடிகாரன் மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டான், அந்தத் தம்பி இன்னும் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை.

ஆனால் புள்ளி ஒழுகுவது சேர்விஸில். இப்போது வலையில் போகும் ஒவ்வொன்றும் எதிர்த்தரப்புக்குச் சும்மா கொடுக்கிற புள்ளி. 1990களின் கடைசிவரை இருந்த முறையில் அப்படிப் போனால் சேர்விஸ் கைமாறுவது மட்டும்தான், புள்ளி போகாது, அதில் பழகிய அண்ணாமார் இன்னும் அதே துணிச்சலோடு போடுகிறார்கள்.

எதிர்த்தரப்பு சேர்விஸின் முதல் பந்தை எடுப்பதை 0 முதல் 3 வரை குறிக்கிறோம், தூக்கிக் கொடுப்பவர் கைக்கு நேரே வந்தால் 3. சோளகக் காற்றில் இது தலைகீழாகிறது, அதனால் எந்தப் பக்கம் நின்றோம் என்பதும் கொப்பியில் ஏறுகிறது. அப்புறம், எழுத ஆள் இல்லை, ஆறு பேர் சேர்வதே பெரும்பாடு. போனில் வீடியோ எடுத்து இரவில் எண்ணுகிறோம்.