வார்னிங் என்ற லெவல் நமக்கு எதற்கு?

இரவுக்காவல்:
பைத்தானில் எழுதிய, கட்டணம் வசூலிக்கும் சர்வீஸ் எங்களுடையது. போன வாரம் இரவு 2 மணிக்கு எழுப்பினார்கள். லாக் ஃபைலை, அதாவது சர்வீஸ் தன் நடப்புகளை டீபக், இன்ஃபோ, வார்னிங், எரர் என்று தீவிரத்துக்கு ஏற்ப லெவல் போட்டு எழுதும் கோப்பைத் திறந்தால், திரை முழுக்க வார்னிங். பணம் பிடித்த பிறகு வரவேண்டிய பதில் செய்தி (கால்பேக்) வராததையும் யாரோ வார்னிங் என்றே எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரி கூட்டத்தில் புதைந்துவிட்டது, முக்கால் மணி நேரம் போனது. எங்கள் கோடில் உள்ள வார்னிங் அத்தனையையும் எடுக்க ஒரு பிஆர் (கோடை மாற்றக் கோரிக்கை) போட்டிருக்கிறேன். யாராவது எழுந்து பார்க்க வேண்டும் என்றால் எரர், இல்லையென்றால் இன்ஃபோ. நடுவில் திரிசங்கு எதற்கு?

பழைய_ஜாவா:
எரரை வார்னிங் என்று எழுதியது ஆளின் தப்பு. டிஸ்க் 85 சதவீதம் நிரம்பிவிட்டது என்று வையுங்கள். ஒரு ரிக்வெஸ்டும் தோல்வியடையவில்லை, அதனால் எரர் இல்லை. இன்ஃபோ என்று போட்டால் ஒருவரும் படிக்கப்போவதில்லை. நாளை 100 ஆனதும் எல்லாரும் படிப்பார்கள். சிஸ்லாக் என்ற பழைய லாக் முறையில் எமர்ஜென்சி 0 முதல் டீபக் 7 வரை எட்டு லெவல். எட்டும் வேண்டும் என்று சொல்லவில்லை. அலர்ட்டுக்கும் கிரிட்டிக்கலுக்கும் வித்தியாசம் கேட்டால் நானே முழிப்பேன். ஆனால் வார்னிங்கில் கை வைக்காதீர்கள்.

கோ_கட்சி:
என் ஓட்டு இரவுக்காவலுக்கு. கோ மொழியின் பழைய லாக் பேக்கேஜில் லெவலே கிடையாது. யாரும் செத்துப்போகவில்லை.

பழைய_ஜாவா:
அதே கோ மொழியில்தான் 2023-ல் 1.21 பதிப்பு வந்தபோது எஸ்லாக் என்ற புது லாக் பேக்கேஜைச் சேர்த்தார்கள். டீபக் -4, இன்ஃபோ 0, வார்ன் 4, எரர் 8. வார்ன் இருக்கிறது, பாருங்கள்.

கோ_கட்சி:
இருக்கிறது. நாலு நாலாக இடம் விட்டிருப்பது உங்களைப் போல இன்னும் லெவல் கேட்பவர்களுக்காக.

புதுசு:
அண்ணா, குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். பைத்தானில் எல்லா லாகர்களுக்கும் (லாக் எழுதும் பொருள்கள்) மேலே இருக்கும் ரூட் லாகரை வார்னிங்கில் வைத்தேன், என் மாட்யூல் லாகரை மட்டும் டீபக்கில். ரூட்டில் மாட்டிய, வரிகளைக் கோப்பில் எழுதும் ஃபைல் ஹேண்ட்லரில் டீபக் வரிகளும் கொட்டுகின்றன. ரூட் தடுக்க வேண்டாமா?

இரவுக்காவல்:
தடுக்காது, தம்பி. இரண்டு சல்லடை இருக்கிறது. முதலாவது, செய்தி பிறந்த லாகருடையது. அதற்கு லெவல் வைக்கவில்லை என்றால் மட்டும் மேலே யார் வைத்திருக்கிறார்கள் என்று தேடிப்போகும். அதைத் தாண்டிவிட்டால் மேலே உள்ள ஹேண்ட்லர்களுக்கு நேராகப் போய்விடும். வழியில் இருக்கும் லாகர்களின் லெவலை யாரும் கேட்பதில்லை. இரண்டாவது சல்லடை ஹேண்ட்லருடையது. சும்மா விட்டால் அதன் லெவல் 0, அதாவது கதவு திறந்தே கிடக்கும். ஃபைல் ஹேண்ட்லரின் செட்லெவலில் வார்னிங், அதாவது பைத்தான் கணக்கில் 30 போடுங்கள், நின்றுவிடும். உங்கள் கேஸ் கொஞ்சம் அபூர்வம். ரூட்டின் டிஃபால்ட்டே வார்னிங் என்று தெரியாமல் ஹேண்ட்லரை மட்டும் டீபக் ஆக்கிவிட்டு, ஃபைல் காலியாக இருக்கிறதே என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

பழைய_ஜாவா:
நன்றாகச் சொன்னீர்கள். அப்படியே, உங்கள் வார்னிங் மழை எந்த லாகரிலிருந்து பெய்கிறது என்று பார்த்தீர்களா? ஃபார்மேட்டில் லாகர் பெயர் இருக்கிறதா?

இரவுக்காவல்:
இல்லை. நேற்றுதான் சேர்த்தேன். சொல்லவே கூச்சமாக இருக்கிறது: பத்தில் ஒன்பது எங்களுடையதே இல்லை, யூஆர்எல்லிப்3 என்ற, இணைய அழைப்புகளைச் செய்யும் லைப்ரரியுடையது. கனெக்ஷன் பூல் (திறந்த கனெக்ஷன்களை மறுபடி பயன்படுத்தச் சேர்த்துவைக்கும் இடம்) நிரம்பிவிட்டது, கனெக்ஷனைத் தூக்கி எறிகிறேன் என்று ஒரே பல்லவி.

கோ_கட்சி:
அந்த லாகரை மட்டும் எரருக்கு ஏற்றிவிடுங்கள். ஒரே வரி, வேலை முடிந்தது.

பழைய_ஜாவா:
அவசரப்படாதீர்கள். யூஆர்எல்லிப்3 மேல் ஓடும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில் பூல் அளவு சும்மா விட்டால் 10. உங்களிடம் ஒரே நேரத்தில் ஓடும் த்ரெட் எத்தனை?

இரவுக்காவல்:
40.

பழைய_ஜாவா:
அப்போ பூல் நிறைந்த பிறகு திரும்பி வரும் கனெக்ஷன் எல்லாம் குப்பைக்கு. அடுத்த அழைப்புக்கு டிசிபி இணைப்பு, டிஎல்எஸ் மறையாக்கம் எல்லாம் முதலிலிருந்து. எதுவும் விழாது, எல்லாமே கொஞ்சம் இழுக்கும். எரர் இல்லை, இன்ஃபோவும் இல்லை. நீங்களே ஒரு பெயர் வையுங்கள்.

இரவுக்காவல்:
சரி, அது வார்னிங்தான். பூல்_மேக்ஸ்சைஸை 40 ஆக்கிவிட்டேன். ஆனால் லைப்ரரி எழுதுகிறவர் கதை வேறு. தன் கோடை யார் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று அவருக்குத் தெரியாது. அவர் எச்சரிக்கத்தான் முடியும். என் சர்வீஸ் எனக்குத் தெரியும். கால்பேக் வராதது எரரா இல்லையா என்று முடிவெடுக்க மனம் வராதவர் ஒதுங்கும் இடம்தான் எங்கள் கோடில் வார்னிங். மொத்தம் 31 இருந்தது, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 9 எரர் ஆனது, 20 இன்ஃபோ ஆனது.

பழைய_ஜாவா:
29 ஆச்சு. மீதி இரண்டு?

இரவுக்காவல்:
அதைத்தான் காலையிலிருந்து முறைத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று, சான்றிதழ் காலாவதியாக இன்னும் 14 நாள் என்கிற வரி.

பழைய_ஜாவா:
வார்னிங்.

கோ_கட்சி:
மானிட்டரிங்குக்கு அனுப்புங்கள். லாகிலேயே வேண்டாம்.